பல்லக்காவும் பறக்கும் படகும்

பல்லக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது தன் பல்லால் அல்ல, ஊரார் பல்லால். பல் மருத்துவமனை ஒன்றின் பின்கட்டில், ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்வது அவள் வேலை. முன்கட்டில் டாக்டரம்மா பல்லைப் பிடுங்குவார். பின்கட்டில் இவள் முளைக்க வைப்பாள். மெழுகில் ஈறு செதுக்கி, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வார்த்து, ராவி, மெருகேற்றி, ஒருவர் வாயில் அது பிறவியிலேயே இருந்தது போல உட்காரும்வரை விடமாட்டாள். தெருவில் எதிரே வருகிறவரின் முகம் அவளுக்கு மறந்துபோயிருக்கும். அவர் வாயைத் திறந்து சிரித்துவிட்டால் போதும், "அட, நீங்களா!" என்பாள்.

ஆள் ஒடிசல். காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசுவார்கள். நாற்பதைத் தாண்டியும் சிறுமிகளுக்கான கடையில்தான் செருப்பு வாங்குவாள். கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். வீட்டில் பால் பொங்கினாலும் ஊதிவிட்டுத்தான் அடுப்பை அணைப்பார். ஒரே மகள் வெளியூரில் படிக்கப் போய்விட்டாள். இருவர் மட்டும் இருக்கும் வீடு. சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும், பேச்சும் சீக்கிரம் முடிந்துவிடும். பல்லக்கா சாயங்காலங்களில் கதவுத் தாழ்ப்பாள், குடைக்கம்பி, சுவர்க்கடிகாரம் என்று பழுதில்லாததையெல்லாம் கழற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் சின்ன லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து குதித்து இறங்கினாள் நெட்டை. வாத்தியாரின் தங்கை. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். உயரத்துக்கேற்ற அகலமும் உண்டு, அகலத்துக்கேற்ற குரலும் உண்டு. ஓய்வு நாட்களில் ஊரை ஒட்டியிருக்கும் பெரிய ஏரியில் பாய்மரப் படகு ஓட்டுவாள்.

"அண்ணி, உங்க கார் ஷெட் சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டபடியே, பதிலுக்குக் காத்திராமல் அதன் கதவைத் திறந்தாள்.

லாரியிலிருந்து இறங்கியது படகு என்று சொன்னால்தான் தெரியும். வெள்ளரிக்காயை நீளவாக்கில் நறுக்கியது போல ஒல்லியான உடம்பு. இரண்டு பக்கமும் குழாய்ச் சட்டத்தில் வலை கட்டிய இருக்கைகள். கூடவே இரண்டு நீளமான பலகைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பொம்மை விமானத்தின் இறக்கை போல ஒன்று குறுக்கே பொருத்தியிருந்தது.

"என்னடி இது, படகா, கொக்கா?" என்றாள் பல்லக்கா.

"ரெண்டும்தான் அண்ணி. இது பறக்கும். காத்துல வேகம் பிடிச்சதும் இந்த இறக்கை தண்ணிக்குள்ள இருந்தபடியே படகை மேல தூக்கிடும். அப்புறம் படகு தண்ணியிலயே படாது. இறக்கை மட்டும் உள்ள ஓடும்."

வாத்தியார் படகைச் சுற்றி வந்து பார்த்தார். "தண்ணியில படாதுன்னா அதுக்குத் தண்ணி எதுக்கு?" என்றார்.

"அண்ணா, நீ போய் விசிலைத் துடைச்சுட்டு இரு."

படகுத் துறையில் உறுப்பினராக இருந்த ஒருவர் வேறு நாட்டுக்குக் குடிபோகும்போது, பழுதாகிக் கிடந்த இதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுப்போயிருந்தார். எல்லாரும் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நெட்டை மட்டும் வாரிக்கொண்டு வந்துவிட்டாள். இறக்கையின் முன்விளிம்பு இரண்டு மூன்று இடங்களில் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

பல்லக்கா அதை மடியில் வைத்து விரலால் தடவினாள். "சொத்தைப் பல்லு மாதிரி இருக்கே" என்றாள்.

"அதனாலதானே உங்ககிட்ட கொண்டு வந்தேன்!"

அன்று மதியமே வேலை தொடங்கிவிட்டது. குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பிசின் குழைத்து அடைத்து, காய்ந்ததும் ராவினாள். வீட்டு உப்புத்தாள் அவளுக்குப் போதவில்லை. மறுநாள் இறக்கையைத் துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போல மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வேலை நேரம் முடிந்ததும் மெருகுச் சக்கரத்தை ஓட்டி அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு இந்தப் பல்லு? திமிங்கிலம் ஏதாவது வந்துச்சா?"

"என் நாத்தனாருக்கும்மா."

"வாய் பெருசுன்னு சொல்லியிருக்கே, இவ்வளவுன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார். ஆனால் மறுநாள் அவரே பழைய மெருகுச் சக்கரங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

வேலை முடிந்தபோது இறக்கை கண்ணாடி போல மின்னியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகவேண்டிய பொருள்தானே என்று முன்விளிம்பைக் கத்தி போலத் தீட்டியிருந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள். தண்ணீர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

முதல் சோதனை நாளன்று நல்ல காற்று. நெட்டை படகைப் பக்கவாட்டில் சாய்த்து, மார்பளவு தண்ணீர் வரை நடத்திக் கொண்டுபோய், நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்தாள். பாய் விறைத்தது. படகு ஓடியது. கொஞ்சம் மூக்கைத் தூக்கியது. உடனே ஏதோ நினைவுக்கு வந்தது போலத் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. மறுபடி தூக்கியது, மறுபடி உட்கார்ந்தது. கரையில் நின்ற வாத்தியார் ஒவ்வொரு தடவையும் விசில் ஊதினார்.

"எதுக்குங்க ஊதறீங்க?"

"ஃபவுல்மா. இது பறக்கறதுல சேர்த்தியில்ல."

படகை விட்டுப்போனவரின் தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்து நெட்டை கூப்பிட்டாள். இறக்கையின் படத்தை அனுப்பினாள். மறுமுனையில் அவர் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற பல்லக்காவுக்கே கேட்டது. இறக்கைக்கு முன்பக்கம் உருண்டையாக இருக்கவேண்டும், பின்பக்கம்தான் மெலிந்து போகவேண்டும். முன்னால் கூராக இருந்தால் கொஞ்சம் சாய்ந்தாலும் தண்ணீர் இறக்கையை ஒட்டி வராமல் பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்கவே தூக்காது என்று விளக்கினார்.

பல்லக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. "கடைவாய்ப் பல்லு வைக்கவேண்டிய இடத்துல வெட்டுப் பல்லு வச்சிருக்கேன். யாராவது என் வாயிலயே ஒண்ணு வைங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் எழுந்துபோய், மீன் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மீனுக்கு மூக்கு மொண்ணை, வால் மெலிசு. இது தெரியாமலா இத்தனை வருஷம் மீன் சாப்பிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஒரு வாரத்தில் விளிம்பை மறுபடி கட்டி, உருட்டி முடித்தாள்.

இரண்டாவது சோதனையில் படகு எழும்பியது. எழும்பியது என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. தேள் கொட்டிய குதிரை போலத் துள்ளியது. நெட்டை முழங்கால் உயரம் மேலே போனாள், பொத்தென்று கீழே வந்தாள், இன்னும் உயரப் போனாள். இறக்கை தண்ணீரை விட்டே வெளியே வந்துவிட, படகு மூக்கைக் குத்திக் கவிழ்ந்தது. அவள் பாயைத் தாண்டிப் போய் விழுந்தாள். வாத்தியார் விசில் ஊதவும் மறந்து நின்றார். தண்ணீருக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது, பிறகு கட்டைவிரல் வெளியே வந்தது, பிறகு குரல் வந்தது.

"அண்ணி! பறந்துடுச்சு!"

"பார்த்தேன்டி. தவளை கூடத்தான் அப்படிப் பறக்குது!"

அன்று பல்லக்கா மீட்புப் படகில் உட்கார்ந்து வந்தாள். அதை ஓட்டியவர் படகுத் துறையின் காவலர். எதற்கும் அவசரப்படாத, எதையும் பார்த்து அதிசயப்படாத மனிதர். அவரைக் கிட்டே ஓட்டச் சொல்லி, அவள் கண் கொட்டாமல் பார்த்தது படகின் மூக்கில் தொங்கிய ஒரு மெல்லிய குச்சியை. படகோட்டிகள் அதை வாண்டு என்பார்கள். பெயருக்கேற்ற சுட்டிதான். அதன் நுனி தண்ணீரைத் தொட்டபடியே வரும். படகு தாழ்ந்திருந்தால் தண்ணீர் அதைப் பின்னால் தள்ளும். அது ஒரு கம்பியை நகர்த்தும், அந்தக் கம்பி பலகைக்குள் இறங்கிப் போய் இறக்கையின் பின்னாலிருக்கும் மடலைக் கீழே மடக்கும், படகு எழும்பும். அளவுக்கு மீறி எழும்பினால் ரப்பர் கயிறு வாண்டை முன்னால் இழுக்கும், மடல் மேலே போகும், படகு தணியும். ஓட்டுகிறவர் கையில் பாதி, வாண்டின் கையில் பாதி.

கரைக்கு வந்ததும் பல்லக்கா வாண்டைப் பிடித்து மெல்ல அசைத்தாள். மறுகையால் மடலைத் தொட்டுக்கொண்டிருந்தாள். வாண்டு கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் மடல் அசைந்தது.

"இங்க ஆட்டம் இருக்கு. வாண்டு ஒண்ணு சொல்லுது, அது கீழ போய்ச் சேர்றதுக்குள்ள படகு வேற இடத்துல இருக்கு. கீழ போகச் சொன்னா அப்பதான் மேல போகுது."

"எங்க டிப்போ மாதிரி" என்றாள் நெட்டை.

கழற்றிப் பார்த்ததில் கம்பியும் மடலும் சேரும் இடத்தில் ஆணித் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அது ஒன்று. இன்னொன்றைக் கண்டுபிடிக்க அவள் தன் மேசை இழுப்பறையிலிருந்து நீலத்தாளை எடுத்து வந்தாள். புதுப்பல் வைத்தவரை "கடிங்க" என்று சொல்லிப் பல்லுக்கு நடுவே வைக்கிற தாள் அது. எங்கே அதிகமாக முட்டுகிறதோ அங்கே நீலப்புள்ளி விழும். அதை இறக்கைக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து அழுத்தி எடுத்தாள். பலகை முழுவதும் உட்காரவேண்டிய இடத்தில் ஒரு ஓரத்தில் மட்டும் நீலம். பாக்கி இடமெல்லாம் தொட்டுக்கொண்டிருப்பதாகப் பாவனை.

"ஒரு பக்கமா மென்னுக்கிட்டிருக்கு பாரு" என்றாள், பெரிய ரகசியத்தைக் கண்டவள் போல.

பிறகு நடந்தது அவளுக்குப் பழகிய வேலை. நீலம் விழுந்த இடத்தை ஒரு சிட்டிகை ராவுவாள், மறுபடி தாள் வைப்பாள், மறுபடி ராவுவாள். கடைசியில் தொடவேண்டிய இடமெல்லாம் சீராக நீலம் பூத்தது. தேய்ந்த துளைக்குப் பல்லுக்குக் கம்பி கட்டும் உலோகத்தில் ஒரு குட்டி வளையம் வார்த்துப் பொருத்தினாள். இப்போது வாண்டைத் தொட்டால் அதே கணத்தில் மடல் அசைந்தது. நெட்டை அதைத் திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்து, "கண்ணு சிமிட்டற மாதிரி இருக்கு அண்ணி" என்று பூரித்துப்போனாள்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் காற்று மாறிவிட்டது. பருவம் திரும்பி, ஏரியில் மெல்லிய காற்றுதான் வீசியது. துணி காயப் போதும், நெட்டையைத் தூக்கப் போதாது. வாரம் முழுக்க ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தாள். படகு அசைந்து கொடுக்கவில்லை, அவளுக்குக் கோபம்தான் ஏறியது.

காவலர் கரையில் நின்று, "இந்தக் காத்துக்கு உங்கள்ல பாதி ஆள் வேணும்மா" என்றார்.

நெட்டை மெதுவாகத் திரும்பினாள். கரையில் துண்டும் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பல்லக்காவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அந்தப் பார்வை பல்லக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"வேண்டாம்" என்றாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே அண்ணி."

"கேக்கப்போறது தெரியுது. எனக்கு நீச்சல்குளத்துல நீந்தத்தான் தெரியும். அங்க காத்தும் அடிக்காது, குளமும் நகராது."

"நீங்க செஞ்ச இறக்கை. நீங்க செஞ்ச மூட்டு. ஒரு தடவை கடிச்சுப் பார்க்க வேண்டாமா?"

வாத்தியார் குறுக்கே புகுந்தார். "ஏம்மா, விளையாட்டுக்குக்கூட ஒத்துக்காதே. உடம்பு இருக்கற இருப்புக்கு…"

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். உடம்பு என்றதும் பல்லக்கா எழுந்துவிட்டாள். "என் உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டுவிட்டு, லைஃப் ஜாக்கெட்டுக்குக் கை நீட்டினாள்.

அன்றைக்கு அவள் எத்தனை தடவை விழுந்தாள் என்று எண்ணியவர் யாருமில்லை. அந்தப் படகு நின்றால் கவிழும், யோசித்தால் கவிழும், தும்மினால் கவிழும். ஏறுவாள், ஒரு பக்கம் சாயும். திருத்துவாள், மறுபக்கம் சாயும். அவளும் ஏரியும் ஒன்றாவார்கள். மீட்புப் படகிலிருந்து நெட்டை பேருந்து நிலையத்தில் கத்துவது போலக் கத்திச் சொல்லிக்கொடுத்தாள். "காத்து வர்ற பக்கமா சாய்ங்க! கயிறை இறுக்குங்க! அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!" சாயங்காலம் வீடு திரும்பும்போது பல்லக்காவின் முழங்காலிலும் முழங்கையிலும் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருந்தது. இத்தோடு விட்டுவிடுவாள் என்று வாத்தியார் நிம்மதியாகத் தைலம் தடவிவிட்டார்.

"அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டாள் அவள்.

அடுத்த ஞாயிறும் விழுந்தாள். அதற்கடுத்த ஞாயிறு, விழுவதற்கு நடுவில் கொஞ்சம் ஓட்டவும் செய்தாள். படகு எங்கே சாயப்போகிறது என்பது கண்ணுக்கு முன்னால் இடுப்புக்குத் தெரிய ஆரம்பித்தது. சுக்கான் கைப்பிடியை முறுக்கினால் பின்னால் இருக்கும் சின்ன இறக்கை மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யும். அதை அரைச் சுற்று, கால் சுற்று என்று முறுக்கிப் பார்த்து, எங்கே படகு ஓடத் தயங்குகிறது, எங்கே துடிக்கிறது என்று கவனித்தாள். வாண்டின் ரப்பர் கயிறு ரொம்ப முறுக்காக இருந்தது. படகு எழும்ப நினைப்பதற்குள் அது வாண்டை முன்னுக்கு இழுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்து ஒரு முடிச்சைத் தளர்த்தினாள்.

அதற்கும் அடுத்த ஞாயிறு காலையில் ஏரியின் நடுவில் காற்று வருவது தெரிந்தது. தண்ணீர் கறுத்துச் சிலிர்த்துக்கொண்டு அவளை நோக்கி வந்தது. கயிற்றை இழுத்துப் பின்னால் சாய்ந்தாள். படகின் அடிவயிற்றில் அலைகள் படபடவென்று அறைந்தன. அறை வேகமானது. பிறகு, யாரோ கதவைச் சாத்தியது போல, சத்தம் நின்றுவிட்டது.

பல்லக்காவுக்கு முதலில் பயம்தான் வந்தது; எதுவோ உடைந்துவிட்டது என்று நினைத்தாள். கீழே பார்த்தாள். படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. படகின் நிழல் தனியாக, கீழே, கூடவே ஓடி வந்துகொண்டிருந்தது. குலுக்கல் இல்லை, அறைதல் இல்லை. பட்டுத் துணியைக் கிழிப்பது போன்ற மெல்லிய சீறல் மட்டும் பின்னால் கேட்டது. முன்னால் வாண்டு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தத்தித் தத்திப் போனது. அது சொன்னதையெல்லாம் இறக்கை கேட்டது. அவள் ராவிய விளிம்பு, அவள் வார்த்த வளையம், அவள் நீலத்தாள் வைத்துப் பார்த்த மூட்டு, எல்லாம் தண்ணீருக்கடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு அவளைச் சுமந்தன.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து, வெட்கமில்லாமல், வாய் கொள்ளாமல் வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பது அவள் சின்ன வயசுப் பழக்கம். இப்போது இரண்டு கையிலும் வேலை இருந்தது. மீட்புப் படகு அவளைத் துரத்திப் பிடிக்க முடியாமல் பின்தங்கிவிட்டது. நெட்டை எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தியதில் அந்தப் படகு கவிழப் பார்த்தது. கரையில் வாத்தியார் விசிலை ஊதியபடியே கரையோரமாக ஓடினார். தண்ணீரென்றால் பத்தடி தள்ளி நிற்கும் மனிதர், முழங்கால் நனைவதுகூடத் தெரியாமல் ஓடினார்.

அவரைப் பார்த்துக் கையசைக்கப்போய் அவள் கவிழ்ந்தாள்.

"பல் எல்லாம் இருக்கா?" என்று கேட்டபடி நெட்டை அவளைத் தூக்கிவிட்டாள்.

"என்னோடது எல்லாம் இருக்கு. மறுபடி படகை நிமிர்த்து, சீக்கிரம், காத்து போயிடப்போகுது!"

அதிலிருந்து பல்லக்காவின் பேச்சே மாறிவிட்டது. மெழுகு உருகிக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக மரக்கிளையைப் பார்ப்பாள். "இலை திரும்புது" என்று முணுமுணுப்பாள். டாக்டரம்மா, "இன்னிக்குக் காத்து எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலை சொல்வார். வீட்டில் பேச்சு முன்னைப் போலச் சட்டென்று முடிவதில்லை. தட்டு காய்ந்த பிறகும் வாத்தியாரும் அவளும் கரண்டியைப் படகாகவும் முள்கரண்டியை வாண்டாகவும் வைத்துத் தர்க்கம் செய்தார்கள். வேகம் கூடும்போது இறக்கையிலிருந்து வண்டு ரீங்கரிப்பது போல ஒரு ஓசை வருகிறது என்று அவள் சொல்ல, வாத்தியார் காதில் விழவேயில்லை என்று அடித்துச் சொன்னார். "உங்களுக்கு விசிலைத் தவிர என்ன கேக்கும்?" என்று சொல்லிவிட்டு, பின்விளிம்பை லேசாகச் சாய்வாகத் தேய்த்தாள். ரீங்காரம் நின்றது. அதை நிரூபிக்க அவளால் மட்டும்தான் முடியும் என்பது வாத்தியாருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பிறகு மருத்துவமனைக்கு விடுமுறையாக அமைந்த ஒரு வேலைநாள். நெட்டைக்குப் பணி. வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம். பல்லக்கா தனியாக ஏரிக்குப் போனாள். காவலர் வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மீட்புப் படகு எஞ்சின் கழட்டியிருக்கும்மா. கிட்டவே ஓட்டுங்க" என்றார். சரி என்று தலையாட்டினாள். தலையாட்டியது உண்மை. ஆனால் காற்று அவ்வளவு சீராக, அவ்வளவு இதமாக, எதிர்க்கரையை நோக்கி வழிகாட்டிக்கொண்டு போனால் அவள்தான் என்ன செய்வாள்? ஒரே மூச்சில் பறந்தாள். கரை மரங்கள் பெரிதாகிப் பெரிதாகி, எதிர்க்கரைக் குடிநீர் நிலையத்தின் சுவரில் எழுதியிருப்பது படிக்கத் தெரிந்தபோதுதான், எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று உறைத்தது. திரும்பினாள். திரும்பியதும் காற்று செத்துப்போனது. படகு மெல்ல உட்கார்ந்தது. ஏரி எண்ணெய் போலப் பளபளத்துக் கிடந்தது.

கையாலேயே துழாவிக் கரை சேர்ந்தாள். குடிநீர் நிலையத்துக் காவலாளி அம்மாள் படகைச் சுவரோரமாகக் கட்டிவைக்க இடம் கொடுத்தாள். ஒரு கோப்பைத் தேநீரும் கொடுத்தாள். தொலைபேசியில் வாத்தியாரைக் கூப்பிட்டால் வகுப்பில் இருப்பார். பல்லக்கா வெறுங்காலோடு, சொட்டச் சொட்ட, கறுப்பு ரப்பர் உடுப்பும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுமாக நடந்து, பெரிய சாலைப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். அங்கே நின்ற இரண்டு பேரும் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

பேருந்து வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் இருக்கையில் நெட்டை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணி?"

"காத்து நின்னுடுச்சுடி."

"படகு?"

"பத்திரமா இருக்கு."

"எங்கிருந்து வர்றீங்க?"

பல்லக்கா ஏரியின் அந்தக் கோடியில், படகுத் துறை இருந்த பக்கத்தைக் கை காட்டினாள். நெட்டை அந்தத் தூரத்தைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், பிறகு பேருந்தில் இருந்த அத்தனை பேரும் திடுக்கிடும்படி ஹாரனை ஒரு நீட்டு நீட்டினாள். "எங்க அண்ணி! அங்கேருந்து இங்க பறந்து வந்திருக்காங்க! யாராவது எழுந்து இடம் கொடுங்க!" என்று அந்தப் பேருந்து நிலையக் குரலில் அறிவித்தாள்.

"நனைஞ்சிருக்கேன், நிக்கறேன்" என்றாள் பல்லக்கா, கூச்சத்தோடு. ஆனால் முன்னிருக்கையில் இருந்த பெரியவர் எழுந்துவிட்டார். முகம் அவளுக்குப் புதுசு. "பறக்கறதுன்னா எப்படிம்மா?" என்று கேட்டுக்கொண்டே அவர் சிரித்தபோது, மேல்வரிசையில் இடதுபக்கக் கோரைப்பல் கொஞ்சம் திரும்பியிருந்தது. இயல்பாகத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே அவள் திருப்பி வைத்த பல்.

"அட, நீங்களா!" என்றாள்.

வாத்தியாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபித்துக்கொள்ளப்போகிறார் என்று இருவரும் காத்திருந்தார்கள். கடைசியில், "எதிர்க்கரை வரைக்குமா?" என்றார். "ஒரு தடவைகூடக் கவிழாமயா?" என்றார். பிறகு போய், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் சொல்வதற்காக மகளுக்கு முதலில் தொலைபேசியில் சொல்லி ஒத்திகை பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் மூவரும் நெட்டை இரவல் வாங்கி வந்த காரில் எதிர்க்கரைக்குப் போனார்கள். படகைப் பிரித்துக் காரின் மேலே கட்டிக் கொண்டுவருவதாகத் திட்டம். கயிறெல்லாம் எடுத்து வைத்திருந்தார் வாத்தியார். இறங்கிப் பார்த்தால் ஏரி முழுக்கக் கறுத்துச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. பலமான காற்று, நெட்டையையே அலாக்காகத் தூக்கக்கூடிய காற்று. அதுவும் வீட்டுப் பக்கமாக.

நெட்டை படகைப் பார்த்தாள். அந்தக் காற்றுக்காக அவள் எத்தனை மாதமாகக் காத்திருந்தாள் என்பது பல்லக்காவுக்குத் தெரியும்.

"நீ போடி. உன் படகு, உன் காத்து."

"படகு என்னோடதுதான். விட்டுட்டு வந்தது நீங்கதானே? நீங்களே கொண்டு வந்து சேருங்க" என்றாள் நெட்டை. பிறகு குரலைத் தாழ்த்தி, "சாயங்காலமும் இந்தக் காத்து இருக்கும் அண்ணி. நான் இன்னிக்கு லீவு போட்டுட்டேன்" என்றாள்.

பலத்த காற்றுக்கு வாண்டை எப்படி வைப்பது என்பதில் இருவருக்கும் சண்டை வந்தது. உயரமாகப் பறக்கட்டும், அலையில் தட்டாது என்றாள் நெட்டை. உயரம் கூடினால் இறக்கை வெளியே வந்துவிடும், குதிரையாட்டம் ஆரம்பித்துவிடும் என்றாள் பல்லக்கா. ஓட்டப்போகிறவள் சொல்லே நின்றது. ஒரு மரையைத் திருகித் தாழ்த்தி வைத்தாள். வாத்தியார் எதற்கும் இருக்கட்டும் என்று அவளுடைய லைஃப் ஜாக்கெட்டின் பட்டியை இன்னொரு தடவை இழுத்து இறுக்கினார். இறுக்கியவர் கையை எடுக்காமல், "நாங்க ரோடு வழியா வந்துடறோம். துறையில நின்னு உன்னைப் பார்ப்போம், சரியா?" என்றார்.

"சரிங்க" என்றாள்.

கார் கிளம்பி வளைவு திரும்புவதற்குள் படகு எழும்பிவிட்டது.

துறையில் காவலர் எஞ்சினை மாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை நுரைக்கோடு ஒன்று ஏரியைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வருவதைத் தலை நிமிர்த்திப் பார்த்தார். எதற்கும் அதிசயப்படாத அந்த மனிதர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பல்லக்கா கரைக்குக் கிட்டே வந்து, கயிற்றைத் தளர்த்தி, படகை மெல்லத் தண்ணீரில் உட்காரவைத்து, வழுக்கிக்கொண்டே வந்து குதித்து இறங்கினாள். படகைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் ஒட்டிய முடியை ஒதுக்கினாள். சாலையில் ஈ காக்கை இல்லை.

"தனியாவா வந்தீங்க? மத்தவங்க எங்கம்மா?" என்று கேட்டார் காவலர்.

"வர்றாங்க" என்றாள் பல்லக்கா, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே. "கார்ல வர்றாங்க, பாவம்."